ரூணுவின் நாவலுக்கு அம்மா போட்ட மதிப்பெண்

சந்தன்நகர்,
ஆவணி மழை, சனிக்கிழமை

ரூணுவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளை ஃபைசலுக்கும் அம்மாவின் ஆசிகள்.

இத்தனை வருஷம் கழித்து நீ தில்லியிலிருந்து அனுப்பிய புத்தகப் பொட்டலம் நனையாமல் வந்து சேர்ந்தது. உன் சின்ன வயதில் நாம் மதிப்பெண் போட்டதுபோல் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லியிருந்தாய். உடனே எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, அலுப்புதான். உன் அப்பாவுக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மத்தியானத்தில் வாசித்தும் காட்டுகிறேன். பாதியில் நானே தூங்கிவிடுகிறேன். அவர் எழுப்புவதில்லை.

பச்சை அட்டைக் குடும்ப நாவலுக்கு மூன்று. எல்லோரும் ஜன்னலோரம் நின்று வருந்துகிறார்கள், அரிசி களைய ஒருவருமில்லை. துப்பறியும் கதைக்கு ஆறு. பாதியிலேயே அப்பா, "டாக்டர்தான் கொன்னான். இவ்வளவு நல்லவனா எவனாவது இருப்பானா?" என்றார். டாக்டர்தான். சுந்தரவனப் பயண நூலுக்கு எட்டு. படகுக்காரர்களைப் பேசவிட்டுவிட்டு, எழுதியவர் சும்மா இருக்கிறார். அது லேசில் வராது.

நான்காவது, நீ எழுதியது. தனியாகப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம் என்றிருந்தேன். எதிர்வீட்டு ஜர்ணா விடவில்லை. தேநீர் குடிக்க வந்தவள், அப்பா எதிரிலேயே, "தீதி, உங்க பொண்ணு புத்தகம் படிச்சேன். கல்யாணம் பண்ணிட்டு வந்த மகளை மழையில நிறுத்தி, கதவைத் திறக்காத அம்மா! நல்லவேளை, பேரை மாத்திட்டா" என்று சிரித்தாள். அவள் போனதும் அப்பா, "எடு அதை. ஒரு வரி விடாம படி" என்றார்.

படித்தேன். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அம்மா உள்ளே நிற்கும் இடம் வந்தது. இரண்டு பத்தியைத் தாண்டினேன். கண் தெரியாதவரை ஏமாற்ற முடியாது. "ஏன் தாண்டுற?" என்றார். திரும்பப் படித்தேன். முழுதும் கேட்டார். பிறகு, "திறக்கக் கூடாதுன்னு சொன்னது நான். திறந்தா வீட்டை விட்டே போயிடுவேன்னு மிரட்டினதும் நான். இதை ஏன் நீ அவகிட்ட சொல்லவேயில்ல?" என்றார்.

"நீங்களும்தான் சொல்லல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "அவளுக்கு எழுது. நான் எழுதச் சொன்னேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். நீ அப்பா செல்லம். எங்கள் இருவரில் ஒருவராவது உனக்கு மிஞ்சட்டும் என்றுதான் சும்மா இருந்தேன்.

அடுத்த பதிப்பில் எதையும் மாற்றாதே. மழையை நன்றாக எழுதுகிறாய். கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா பேசும் பேச்சுதான் நீளம். அந்த நேரத்தில் யாருக்கும் அவ்வளவு வார்த்தை வராது.

பத்துக்கு ஏழு. குறைத்த மூன்றும் கடைசி அத்தியாயத்துக்கு. மகள் வந்து சேரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இல்லை. படிப்பவர்கள் அழுவார்கள், ஜர்ணாகூட அழுதாளாம். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் பிடிக்கவில்லை.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. யார் படியேறினாலும் காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்.

கடுகு அரைத்து வைத்த இலிஷ் மீன் ஃபைசல் சாப்பிடுவாரா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கேட்டு எழுது. மழை நின்றால் மீன் வரத்தும் நின்றுவிடும்.

நன்றாக இரு, கண்ணே.

உன் அம்மா