டீச்சர் இன்னும் சாகவில்லை

என் வீட்டு மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று சாயங்காலம் முக்கால் மணி நேரம் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தொப்பை மட்டும் ஒளியவில்லை.

அடுத்த தெரு ரிட்டயர்டு டீச்சர் திங்கட்கிழமை நம் மருந்துக்கடைக்கு வந்துபோனார். அவருக்குச் சத்து மாத்திரைக்குப் பதிலாகச் சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டேனோ என்று பயம். இரண்டுக்கும் பச்சை அட்டை, அடுத்தடுத்த இழுப்பறை. நோய் இல்லாதவர் அதை விழுங்கினால் மயங்கி விழுவார். நீ இருந்தால், "பேசாம சோறு சாப்பிடுங்க" என்று அதட்டியிருப்பாய். உன் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

ஒன்பது முறை போன் செய்தேன். கடைசியில் டீச்சர், "தம்பி, நான் இன்னும் சாகலை. செத்தா நானே ஆள் அனுப்பிச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் அவர் வீட்டுக்கு எதிரே அந்தக் கம்பம்.

மாடியில் துணி காயப்போட ஓர் உருவம் வந்தது. செத்தவர் துணி காயப்போட மாட்டார் என்றது மூளை. அது அவருடைய தங்கையாக இருந்தால் என்றது பயம்.

ஒரு வாரம் யாரையும் இப்படித் துரத்தாமல் இருந்தால் திரும்பி வருவதாகச் சொன்னாய். நாளையிலிருந்து எண்ணிக்கொள். டாக்டரைப் பார்க்கவும் நேரம் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கடைக்காரன்

பி.கு: டீச்சர் அன்று வாங்கியது ஒரு பஞ்சுச் சுருள் மட்டும்தான். அது எனக்கு முதலிலிருந்தே தெரியும்; பயத்துக்குத்தான் தெரியவில்லை.