சம்பளத்தின் மேல் உட்கார்ந்த பூங்கொடி

அன்பு மகள் சுப்ரியாவுக்கு ஓசூரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பக்கத்து வீட்டுப் பூங்கொடி பெரியம்மாவும் இடுப்பைத் தவிர சுகம். உன் சுகத்தை விசாரிக்கலாமென்றால் நேற்றிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறாய். அதனால் உன் படத்தைக் காட்ட இங்கே வந்த உன் பத்திரிகை ஆபீஸ் ஹரீஷ்குமார் தம்பி, அங்கே திரும்ப இன்று பெங்களூரில் விமானம் ஏறுவதற்குள் இதை எழுதி அவர் கையில் கொடுக்கிறேன். பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார், முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

ஓசூர் வாடகையையும் கம்பெனிச் சம்பளத்தையும் வைத்து நீ செய்த, கண்ணில் பெட்டி மாட்டிப் பார்க்கிற வி.ஆர். படம் நம் லைன் வீட்டுக்காரர்களுக்குப் புரிந்தால்தான் பயிற்சி முடிந்ததும் உனக்கு வேலை என்று உன் எடிட்டர் சொன்னார் அல்லவா, நடந்ததை முழுசாகக் கேள். முதலில் வீட்டு ஓனர் திம்மராயன் தம்பி கொண்டுவந்த பெட்டியைக் கண்ணில் மாட்டினார். வாடகை கோபுரமாக ஏறி நிற்பதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனம்மா, நம்ம பில்டிங்கா இது? சென்னாகிதெ!" என்றார், நன்றாக இருக்கிறதாம். சாயங்காலமே மேஸ்திரியைக் கூப்பிட்டு இன்னொரு மாடி தாங்குமா என்று விசாரித்தார். நீ அவருக்கு உறைக்கட்டும் என்று செய்தாய், அவருக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்து பெரியம்மா, ஷிப்ட் முழுக்க கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றே வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கோபுரத்துக்குப் பக்கத்தில் நீ குட்டையாக வைத்த சம்பளக் கட்டை அவளுக்கு ஸ்டூலாகத்தான் தெரிந்திருக்கிறது. "உக்கார ஒன்னு போட்டு வெச்சிருக்காங்க பாரு, புண்ணியவானுங்க" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள், சிமெண்ட் தரையில் தொப்பென்று. தம்பி பிடிக்கவில்லை, செல்போனில் படம் பிடித்தார். "அக்கா, அது உங்க சம்பளங்க" என்று அவர் சொன்னதும் பெட்டியைக் கழற்றாமலே, "அடப்பாவி, இத நம்பியா இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன்!" என்று அவளே சிரிக்க ஆரம்பித்தாள்.

இதில் பாதியைக் கேட்டதுமே "போச்சும்மா" என்று நீ போனை அணைத்துவிட்டாய். எதுவும் போகவில்லை. தம்பி அனுப்பிய அந்த வீடியோவைப் பார்த்த எடிட்டர், படம் பார்க்கிற எல்லோரையும் அந்தக் கட்டையில் உட்காரச் சொன்னால் என்ன என்று கேட்க உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை கூட்டத்துக்கு நீ வராவிட்டால் தானே பேசிக்கொள்வதாகத் தம்பி சொல்கிறார், ரொம்பப் பெருந்தன்மை. நாலு பேர் முன்னால் உனக்கு வாய் வராது, தெரியும். வாய் உள்ளவர்கள் பேசி மட்டும் என்ன கிழித்தார்கள்? மெதுவாகவாவது நீயே சொல். அவரைப் பேச விட்டால் அடுத்த வாரம் விழுந்தது அவர் பெரியம்மா என்றாகிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு, முதலில் போனைப் போடு. படத்தில் தன் பெயரைப் போடலாமாம், சேலையை மட்டும் நல்ல நிறமாக மாற்றச் சொன்னாள் பெரியம்மா. சந்திரசூடேஸ்வரர் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

என்றும் உன் பக்கம் நிற்கும் அம்மா,
ஜோதிமணி