தூணில் மாட்டிய சனி

10 ஜூலை 1974
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வானத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த ஆசாமி சந்திரன் ஒருவர்தான். அப்படிப்பட்ட நான், சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் செங்கல்வராயனிடமிருந்து தொலைநோக்கி வழியாக எடுத்த இருபது படங்களை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி பாமர ஜனங்களுக்கு வானக் கண்காட்சி! வேறு வழி? நான் நடத்தும் படிப்பகத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ரைஸ்மில் தணிகாசலம் சொல்லிவிட்டார்: "நாலு பேரு வந்து போற எடமா காட்டு. இல்லாங்காட்டி ஆவணிலேர்ந்து கல்யாண மண்டபம்." படிப்பகம் போனால் நான் எங்கே உட்கார்ந்து வம்பளப்பது? வீட்டில் ஜானகி என்னைப் பேசவிடுவதில்லை.

18 ஜூலை
படங்களின் பின்னால் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஏதோ கிறுக்கல். யாருக்குப் புரியும்? நானே எளிய தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன். பள்ளம் பள்ளமாக இருந்தால் சந்திரன். வளையம் இருந்தால் சனி. மற்றதெல்லாம் நட்சத்திரக் கூட்டம். இதற்கா கல்லூரியில் சம்பளம் கொடுக்கிறார்கள்?

சுவரில் இடம் போதாமல் சனியை நடுத்தூணில் மாட்டினேன். தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா, உளுந்து வடையைப் புடிச்சி மாட்டிக்கீற?"

ரைஸ்மில் கூரைக்கு மேலே வானம் இருப்பதே அறியாத ஜன்மம்!

19 ஜூலை, வெள்ளி
ஈ காக்கை இல்லை. ஆடிக்காற்று மட்டும் வந்து இரண்டு நட்சத்திரக் கூட்டங்களைக் கீழே தள்ளிவிட்டுப் போனது.

சாயங்காலம், ரயிலுக்கு நேரமிருக்கிறதென்று பழவேற்காட்டு மீன்காரி பூவம்மாள் உள்ளே வந்தாள். "சார், இதுல சனீஸ்வரன் எது? எம் புள்ளைக்கு ஏழரை நடக்குது. இரும்புக் கம்பெனில வேலைக்கு எழுதிப் போட்டுட்டு சும்மா குந்திக்கினு கீறான்."

காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தூணைச் சுற்ற ஆரம்பித்தாள். பிரபஞ்சத்தின் அளவை விளக்கிக்கொண்டே நானும் பின்னால் நடந்தேன். ஆக எனக்கும் ஒன்பது சுற்று!

20 ஜூலை, சனி
பூவம்மாள் மகனை வேலைக்குக் கூப்பிட்டுக் காலையில் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டதாம். அவள் அதை ரயிலில் சொல்லியிருக்கிறாள். போதாதா? ஷிப்டு முடிந்த கூட்டம் மொத்தமும் இங்கே. எள் விளக்கு, கறுப்புத் துணி. ராகு, கேது படங்களை நான் ஒளித்து வைத்திருப்பதாக ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பல கோடி மைலுக்கு அப்பால்—" என்று ஆரம்பித்தேன்.

"யோவ், சும்மா இருய்யா! சுத்து கணக்கு தப்புது!" என்றான் ஒரு வெல்டர்.

நாடு உருப்பட்டாற்போலத்தான்.

21 ஜூலை
தணிகாசலமும் சுற்றினார். மில்லில் வியாபாரம் மந்தமாம். மூச்சு வாங்க வந்து சொன்னார்: "படிப்பகம் இங்கியே கெடக்கட்டும். அந்தப் படம் மட்டும் தூணை வுட்டு எறங்கக்கூடாது."

வடை என்று சொன்ன அதே வாய்!

23 ஜூலை
பேராசிரியர் படங்களை எடுத்துப்போக வந்தார். கரி படிந்த தூணின் முன் அவரை நிறுத்தி, இந்த ஊர் ஜனங்களின் அறியாமையைப் பற்றி அரைமணி நேரம் வெளுத்து வாங்கினேன். பொறுமையாகக் கேட்டார். பெயர்கள் எழுதியது யார் என்றார். "அடியேன்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பிறகு, அந்த ஒரு படம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வாசல்வரை கூட்டிப்போய்க் காதோடு ஏதோ சொன்னார்.

27 ஜூலை, சனி
இன்றும் நல்ல கூட்டம். வரிசையை ஒழுங்கு செய்வது நான்தான். படிப்பகம் பத்திரம், என் நாற்காலியும் பத்திரம்.

வாசலில் அவர் சொன்னதை ஜானகியிடம்கூடச் சொல்லவில்லை. தூணில் இருப்பது எங்கோ ஒரு நட்சத்திரம் அணையும்போது விட்ட புகையாம். அவர் கொடுத்த இருபதில் சனி படமே கிடையாதாம்.