தோளுக்கு நீளமான துப்பாக்கி

என் அப்பாவுக்கு, உங்கள் கண்ணு எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது வெள்ளை நூல். போன வாரம் அலமாரியிலிருந்து என் ஆரஞ்சு வெஸ்டை எடுத்தேன், வேட்டைக்குப் போகும்போது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேலே போட்டுக்கொள்வோமே, அதை. இரண்டு தோளிலும் துணியை இரண்டு விரல் அளவு உள்ளே மடித்துக் கையால் தைத்திருந்தது. அம்மா தைத்திருந்தால் நிறம் பார்த்து நூல் எடுத்திருப்பாள். கோணல்மாணலாக, இழுத்து இழுத்து முடிச்சுப் போட்ட தையல். அது நீங்கள்தான்.

எப்போது தைத்தீர்கள்?

பிப்ரவரி வந்தால் உங்களுக்கு வருஷம் திரும்புகிறது. தமிழ்ச் சங்க மலரில் உங்கள் நினைவாக ஒரு பக்கம் வைத்திருப்பதாகச் செல்வம் அங்கிள் சொன்னார். "நீ பேசத்தான் மாட்டே. எழுதவாவது செய் மக்ளே" என்றார். அதனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். பரவாயில்லை. நேரில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று. நான் ஸ்கூலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மார்ச்சில் பதினேழு முடிந்தது, ஏப்ரலில் நின்றேன். பெரிய காரணம் இல்லை. எல்லாரும் "ஆர் யூ ஓகே" என்று கேட்டார்கள், பதில் சொல்ல வரவில்லை. இப்போது பிளானோவில் நாம் காய் வாங்குகிற கடையில் வேலை. பின்னால் உட்கார்ந்து கறிவேப்பிலையைப் பையில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். ஆன்ட்டிகள் எட்டிப் பார்த்து, எந்த காலேஜுக்கு அப்ளை பண்ணப்போறே என்கிறார்கள். நான் ஸ்டிக்கரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

கிரீன் கார்டு வந்த வாரம் நீங்கள் வாங்கிய முதல் பொருள் அது. அதற்கு முன்பே இரண்டு வருஷமாகச் செல்வம் அங்கிள் உங்களை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். "நம்மூர்ல மானைத் தொட்டா ஜெயிலு. இங்க லைசென்ஸும் குடுத்து அனுப்பிவைக்கான்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நீங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பீர்கள். நான் உங்களுடன் வந்து, மான் வருவதைப் பார்க்க உயரத்தில் கட்டிய மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். மணிக்கணக்காகப் பேசாமல் இருந்ததற்காக யாராவது என்னைப் பாராட்டியது அங்கே மட்டும்தான்.

அதனால்தானே எனக்கென்றே ஒன்று வாங்க நினைத்தீர்கள்? கடைக்காரர் முதலில் சின்னதைத்தான் எடுத்துக் காட்டினார். பின்கட்டை குட்டையானது, தோட்டாவும் சின்னது, தோளில் அதிகம் உதைக்காது, முதல் துப்பாக்கிக்கு இதுதான் என்றார். நீங்கள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் பத்தாமப் போயிருமுங்ண்ணா. வளர்ற புள்ள" என்று அங்கிளிடம் சொன்னீர்கள். பெரியதைக் கைகாட்டினீர்கள்.

"தம்பி, இது என்ன யூனிபாரமா, மடிச்சுத் தைக்கதுக்கு?" என்று அங்கிள் கேட்டார். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள்.

என் சட்டை, பாவாடை எல்லாம் எப்போதும் அப்படித்தானே? நம்ம ஊர் கோபியில் படித்தபோது ஷூவின் முனையில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பஞ்சை எடுக்கிற வயது வருவதற்குள் ஷூ கிழிந்துவிடும்.

அந்த ஆயுத பூஜைக்கு லேப்டாப், கார், துப்பாக்கி மூன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். மறுநாள் சனிக்கிழமை, சுடப் பழகுகிற ரேஞ்சுக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். கட்டையைத் தோளில் வைத்ததுமே தெரிந்தது. நீளம் அதிகம். கழுத்தை முன்னால் நீட்டினால்தான் குறி பார்க்கிற ஸ்கோப்பில் கண் பொருந்தியது. அப்போதும் சுற்றிலும் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெளிச்சம்.

"சரியா இருக்குதா கண்ணு?"

"சரியா இருக்குதுங்கப்பா."

நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக நின்றீர்கள். அதனால் சொன்னேன். நாலு குண்டு சுட்டேன். ராத்திரி தோளில் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டேன். அதற்குப் பிறகு விரல் விசையைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொண்டது. அதையும் சொல்லவில்லை.

நவம்பரில் அந்த ஆண் மான் வந்தது. நூறு அடி தூரம் இருக்கும். பக்கவாட்டில் அசையாமல் நின்றது. உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் கழுத்தை நீட்டினேன், கண் மூடியது, சுட்டேன். திறந்தபோது மான் ஒரு பின்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

இருட்டும் வரை மூன்று பேரும் தேடினோம். புல்லில் அங்கங்கே ரத்தம். ஓடைக்கரையில் அதுவும் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் வந்து தேடினோம். கிடைக்கவில்லை. அது எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை.

காரில் திரும்பி வரும்போது டோல்வே சாலையில் நீங்கள் சொன்னீர்கள். "உம்மேல தப்பில்ல கண்ணு. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரியில் ஆபீஸ் பார்க்கிங்கில், சீட் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தீர்களாம். இதயம் என்றார்கள். வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் கிச்சனில் டம்ளர்களை அளவு வாரியாக அடுக்கினேன். முடிந்ததும் கலைத்து மறுபடி அடுக்கினேன். இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் வந்து வந்து போகிறது.

நீங்கள் அந்த வெஸ்டை மடித்துத் தைத்தது அந்த நவம்பருக்குப் பிறகுதானா? தோளில் துணி சுருண்டு தடுத்ததால்தான் குறி தப்பியது என்று நினைத்தீர்களா? ஏன் தப்பியது என்று நீங்கள் தேடிக்கொண்டே இருந்தீர்களா அப்பா?

இந்த வருஷம் வேட்டை சீசன் தொடங்குகிறது என்று அங்கிள் போன் செய்தார். "சனிக்கிழமை வாரியா மக்ளே?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். அம்மா போனை வாங்கி, "தலையாட்டுறாங்ண்ணா" என்றாள்.

போனை வைத்துவிட்டு அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "போறதுன்னாப் போ. ஆனா இன்னொன்னு காயத்தோட ஓடக் கூடாது. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் தட்டு முன்னாடி சாப்பிடாம உக்காந்திருந்ததை நான் பாத்தேன்."

அதனால்தான் நேற்று அதே துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அங்கிளும் வந்தார். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, வாங்குவதென்றாலும் கொடுப்பதென்றாலும் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் உறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, கட்டையில் இருந்த சிவப்புக் கறையை விரலால் தேய்த்தார். ரத்தமா என்று கேட்டார். போன வருஷத்து ஆயுத பூஜைக் குங்குமம். இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, அதனால் அதன் மேல் புதிதாக வைக்கவில்லை.

"நோ, நோ. பூஜா," என்றாள் அம்மா. அவர் அது தினமும் நடக்கிற விஷயம்போல் தலையசைத்தார்.

பிறகு என்னிடம், கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வை, வைத்தபிறகு திற, என்ன தெரிகிறது என்று கேட்டார். வைத்தேன். திறந்தேன். கறுப்பு. உனக்கு இது சரியாக இருக்கிறதா என்றார். அங்கிள் எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணா, அவ சொல்லட்டும்" என்றாள் அம்மா.

பின்னால் யாரோ ஒருவர் வாங்க வந்து, காத்திருந்து, வேறு பக்கம் போனார். கடைசியில் அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "எப்பவுமே சரியா இல்லம்மா. அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டேன். அந்த மான் அதனாலதான்."

அம்மா கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "கல்யாண ரிசப்சனுக்கு எனக்கு எடுத்த மூடின செருப்பும் ரெண்டு சைஸ் பெருசு. இருவத்திரெண்டு வயசுல நான் இன்னும் எங்க வளர்றது? பஞ்சு வெச்சுத்தான் மூணு மணி நேரம் நின்னேன். சரியா இருக்குதான்னு உங்கப்பா கேட்டாரு. சரியா இருக்குதுன்னுதான் நானும் சொன்னேன்."

அங்கிள் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்ச் சுவரில் மாட்டியிருந்த தொப்பிகளைப் பார்த்தபடி நின்றார். வெகு நேரம் திரும்பவில்லை.

கட்டையை அறுத்துக் குட்டையாக்கலாம், ஆனால் உதை குறையாது என்றார் கடைக்காரர். இதைக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்வதுதான் நல்லது, இன்றைக்கு இருக்கிற கைக்கு வாங்குங்கள் என்றார். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று அங்கிள் கேட்டார். "வீட்டுல ஒண்ணு போதுங்ண்ணா" என்றாள் அம்மா.

நான் வளரவில்லை அப்பா. காலையில் கதவோரம் நின்று பார்த்தேன். என் உயரம் பார்த்து நீங்கள் போட்டுவைத்த பென்சில் கோட்டிலேயே இருக்கிறேன்.

கடைக்காரர் சின்னதை எடுத்துக் கொடுத்தார். கண்ணை மூடினேன். கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. திறந்தபோது வட்டம் முழுசாக இருந்தது. தூரத்துச் சுவரில் வெளியே போகும் வழிக்கான சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தன.

சனிக்கிழமை வெஸ்டைப் போட்டுக்கொள்வேன். தையலைப் பிரிக்க மாட்டேன். விசையில் விரல் வைக்கும்போது கண் மூடினால், சுடாமல் இறங்கி வந்துவிடுவேன். சரியா இருக்குதா என்று இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். உங்களிடம் சொல்லவேண்டியதை இங்கே சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருந்தது.

நேற்று கடையில் கடைசியாக, சின்னதைக் கீழே வைத்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்ததை இரண்டு கையாலும் பிடித்து, குங்குமம் இருந்த பக்கம் மேலே இருக்கும்படி, கடைக்காரர் பக்கம் நகர்த்தினேன்.

உங்கள் ஒரே மகள்,
கண்ணு