ஆடாதோடையின் முதல் மடக்கு

பிப்ரவரி 4

இன்றும் இருமல். பதினைந்து நாளாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவளுக்குத் தொண்டைதானே சோறு போடுகிறது. "மேடம், நீங்க இருமினா பஸ்ஸே நின்னுடுது," என்கிறார் டிக்கெட் கவுன்ட்டர்காரர். சிரித்தேன். அதற்கும் இருமல்.

பிப்ரவரி 6

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. தூசியும் டீசல் புகையும்தான்." நிம்மதி. ஆனால் அவர் கொடுத்த மருந்தைக் குடித்தால் கண்ணைச் சொக்குகிறது. மைக் முன்னால் தூங்கவா முடியும்?

வீட்டுக்கு வந்து, குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் நிற்கும் ஆடாதோடைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் எனக்குச் சளி கட்டினால் அக்காதான் அதில் கஷாயம் காய்ச்சுவாள். சளியை இளக்கிவிடும். இலையின் நடுநரம்பைக் கிழித்துவிட்டு, மிளகு தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் கால் டம்ளராக வற்றும் வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். முதல் மடக்கு அவள் குடிப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "இனிக்குதுடி" என்பாள். ஒவ்வொரு தடவையும் நம்பினேன், மக்கு.

பிப்ரவரி 7

நானே காய்ச்சினேன். ஒரு கைப்பிடி இலை. இரண்டு முறை வாந்தி.

பிப்ரவரி 8

எத்தனை இலை என்று அக்காவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்வாள். எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவின் தையல் மெஷினை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவள் நான். இடத்தை அடைக்கிறதாம். மூன்று வருடமாகப் பேச்சில்லை. மாதம் ஒரு தரம் எங்கள் நிலையத்தில்தான் பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போகிறாள். என் கண்ணாடி அறைப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. திருப்பாதே, போ. எனக்கென்ன — என்னமோ அழுகையா வருது.

பிப்ரவரி 12

மைக்கை அணைக்க மறந்துவிட்டு இருமியிருக்கிறேன். ஒரு நிமிஷம் முழுக்க, எட்டு ஒலிபெருக்கியிலும். வெட்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அக்கா. தோளில் பயணப் பை.

"எத்தனை இலைடி போட்ட?"

"ஒரு கைப்பிடி."

"ரெண்டுதான்டி, கழுதை."

அவள் பஸ் கிளம்பிவிட்டது. அது கிளம்புவதை அறிவித்ததே நான்தான். அவள் அசையவில்லை.

பிப்ரவரி 13

காலையில் என் அடுப்படியில் அக்கா. தையல் மெஷின் பேச்சை எடுத்தேன். "முதல்ல குடி," என்று டம்ளரை நீட்டினாள். நான் வாய் வைக்கும் முன்பே அதைத் திரும்ப வாங்கி, முதல் மடக்கை அவளே குடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

"இனிக்குதுடி."

நம்பினேன்.