கண்ணாடித் தொட்டியில் பாசி

9-2-1963
தொட்டி மறுபடியும் பச்சை. முந்தாநாள்தான் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன்.

இவருடைய ஆபீசர் அற்புதசாமி டிரெயினிங்குக்குச் சென்னை போனபோது, ஏப்ரலில் திரும்பும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த மீன் தொட்டி. “அவர் வந்து இதைப் பாத்தா என் மூஞ்சியை எங்கேடி வெச்சுக்கறது?” என்றார் இவர். கேட்டுக்கொண்டே அறைந்தார். இடது காதில் இன்னும் வண்டு ரீங்காரம்.

12-2-1963
தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டேன். கண்ணாடியை நகத்தால் கீறினேன், பிரஷால் குத்தினேன். கொலை செய்கிற வெறி. யாரை?

புது ஜலத்தில் சின்ன மீன் ஒன்று செத்தது. பெருமாளே, க்ஷமிக்கணும்.

19-2-1963
சுத்தம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பின்னலைப் பிடித்து என் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினார். “பாரு! நன்னாப் பாரு! கண்ணு போயிடுத்தா நோக்கு?”

மூக்கெல்லாம் பாசி நாற்றம். மூச்சு முட்டுகிறது. ஆனால் அந்த நேரத்திலும் கண் பார்த்துவிட்டது — ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் பச்சை கம்பளமாக இருக்கிறது, சுவர்ப் பக்கம் துளியும் இல்லை.

20-2-1963
நான் செய்ததுதான்.

மத்ஸ்யாவதாரம் ஆச்சே என்று, காலை வெயில் முதலில் விழும் கிழக்கு ஜன்னலடியில் வைத்தவள் நான். தினம் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணின சாதத்தில் ஒரு பிடி போட்டவளும் நான். மீன் தின்றது போக மிச்சம் அடியில் ஊறிக் கிடக்கிறது. வெயிலும் சோறும். பக்தி என்று நினைத்துப் பாசிக்கல்லவா பரிமாறியிருக்கிறேன்!

21-2-1963
மீன்களை அண்டாவில் விட்டு, தொட்டியைக் கோணியில் வைத்து இழுத்துக் கொல்லைத் தாழ்வாரத்து இருட்டு மூலைக்குக் கொண்டுபோனேன். மீனை விட்டுக் கம்பளியால் மூடினேன். சோறு கிடையாது.

பால் கொண்டுவந்த மயிலம்மாள் சிரித்தாள். “என்ன மாமி, மீனுக்குக் குளிர் காய்ச்சலா, கம்பளி போத்துறீங்க?” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “கன்னத்துல என்ன?”

“வழுக்கி விழுந்துட்டேன்.”

“நானும் வீட்டுல அப்பப்ப விழுந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் உலக்கையத் தூக்குனேன். அப்புறம் விழுறதில்ல.”

23-2-1963
“மீனைக் குருடாக்கறயா, சூனியக்காரி!” என்று கம்பளியைப் பிடுங்கி எறிந்தார். இடுப்பில் உதை. அம்மிமேல் விழுந்தேன். முழங்கை வீங்கிவிட்டது.

அவர் ஆபீசுக்குக் கிளம்பினதும் மறுபடி மூடினேன். இனி தினம் அவர் வருமுன் எடுத்துவிட வேண்டும்.

3-3-1963
கம்பளியை எடுத்தேன். மீன்கள் சௌக்கியம். பாசி சாம்பலாய் வெளுத்துப் பிடிப்பு விட்டிருந்தது. அவருடைய பழைய சவர பிளேடால் சுரண்டினேன். வெந்த தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. என்ன ஒரு ஆனந்தம்! இப்படி ஆனந்தப்படுவது பாபமோ?

“என் பிளேடை யாரைக் கேட்டு எடுத்தே?” — பின்னால் அவர், கை ஓங்கியபடி. நான் சட்டென்று திரும்பினேன்.

கையில் பிளேடு இருப்பதை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. ஓங்கிய கை என்மேல் படாமலே இறங்கியது.

6-4-1963
ஆபீசர் வந்தார். “தண்ணியே இருக்கிறது தெரியலையே!” என்று வியந்தார். “எல்லாம் நானே கவனிச்சுண்டேன் சார்” என்றார் இவர். தொட்டி வண்டியில் ஏறிப் போய்விட்டது.

இனிமேல் அடிக்கக் காரணம் இல்லை. இன்று நிம்மதியாகத் தூங்கலாம்.

9-4-1963
சாத்தமுதில் உப்பு தூக்கலாம். இந்தத் தடவை வலது காது. ரத்தம் வந்தது.

தொட்டியால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேனே — அசடு.

21-4-1963, காட்டூர்
அவரை விட்டு அண்ணா கோபுவின் அகத்துக்கு நான் வந்த பிறகு இன்றுதான் தேடி வந்தார். அண்ணா வாசல் கதவைத் திறக்க எழுந்தான். “தாழ்ப்பாள் இருக்கட்டும் அண்ணா” என்றேன். என் காதைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

வெளியிலிருந்து குரல் வந்தது. “வேதவதி, தளிகைக்கு நான் என்னடி பண்ணுவேன்?” சமையலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். பிறகு எட்டி உதைத்தார். கதவு கனமான கதவு. பஸ் வந்தது, போய்விட்டார்.

மன்னி நாளைக்கு இட்லி என்றாள். உளுந்து ஊறப் போட்டிருக்கிறேன்.