முதல் போட்டி குளத்திலேயே இருக்கட்டும்

விருத்தாசலம்
ஜூலை 2008

அன்பு மகள் உமைராவுக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நான், உங்கம்மா, குவைத்துலேருந்து லீவுல வந்திருக்குற உங்கண்ணன் ஷமீர் மூணு பேரும் இங்க ஒடம்பு சொகமா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். போன வாரம் நீ பேசி வெச்சதுக்கப்புறம் அத்தா ஒரு வார்த்தை கூப்புட்டுக் கேக்கலியேன்னு வருத்தமா இருந்திருப்ப. வருத்தப்படாதம்மா. போன்ல பேசுனா பக்கத்துல உங்கம்மா நிக்கிறா, அங்க நீ அழுதா இங்க அவ அழறா, சொல்ல வந்தத சொல்றதுக்குள்ள போனு கட்டாயிடுது. அதான் மத்தியானம் நம்ம பீங்கான் கடையில கூட்டமில்லாத நேரமாப் பாத்து எழுதுறேன். இங்க மழையே இல்ல, மணிமுத்தாறு மணலாக் கெடக்குது, வெயில்ல பீங்கான் சாமான் கட்டுற வைக்கோலு தொட்டாலே நொறுங்குது. ஷமீருக்கு நெல்லிக்குப்பத்துல ஒரு பொண்ணு பாத்திருக்கோம், நல்ல குடும்பம், ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குது, பேசி முடிச்சதும் ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுவோம். உங்கம்மாவுக்கு சர்க்கரை கொஞ்சம் எறங்கியிருக்குது, டாக்டரு சந்தோஷப்பட்டாரு, ஆனா டீயில சக்கரய வுட மாட்டேங்குறா, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பா.

இப்ப ஒன் விஷயத்துக்கு வரேன். நீச்சலு, சைக்கிளு, ஓட்டம் மூணையும் ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணா செய்யுற போட்டி, டிரையத்லான்னு பேரு, அதுலயே சின்ன அளவுக்கு ஸ்பிரிண்ட்னு பேரு, அதுல சேரப் போறேன் அத்தான்னு நீ சொன்னப்ப ஸ்பீக்கர்ல போட்டு நாங்க மூணு பேரும் கேட்டுக்கிட்டு இருந்தோம். நீச்சல்ங்குற வார்த்தை வந்ததும் உங்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. நீ பாவம் அது தெரியாம, பக்கத்து பிளாக்குல இருக்குற மலாய்க்காரப் பொண்ணு நீச்சல் கத்துக் குடுத்தத, மொதல்ல ஒரு மாசம் நீ குளத்துக் கம்பி வேலிக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பி வந்தத எல்லாம் சொல்லிக்கிட்டே இருந்த. நான் உம் உம்முன்னு கேட்டேனே தவிர என் கண்ணு அடுப்படிப் பக்கமே இருந்துச்சு. அந்த 2004 டிசம்பர் மாசத்து ஞாயித்துக்கெழமய பத்தி நம்ம வூட்டுல நாம யாரும் வாயத் தொறந்து பேசுனதில்ல, எழுதயாவது செய்யுறேன். பரங்கிப்பேட்டையில சின்னம்மா வூட்டுக்கு நீ லீவுக்குப் போயிருந்த, காலையில நீயும் சின்னம்மாவும் சாமியார்பேட்டை கடற்கரைக்குப் போனீங்க, அல வந்துச்சு, சவுக்குத் தோப்புல ஒரு மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நீ மட்டும் எங்களுக்குத் திரும்பக் கெடச்ச. உங்கம்மாவுக்கு இருந்த ஒரே தங்கச்சி போயிட்டா. அதுக்கப்புறம் சேத்தியாத்தோப்பு ஆத்துப் பாலத்துல பஸ்ஸு போறப்பக் கூட நீ என் தோள்ல மொகத்தப் பொதச்சிக்குவ, உங்கம்மா அந்தப் பக்கம் பஸ்ஸு ஏறுறதையே வுட்டுட்டா. அப்படிப்பட்ட நீ இன்னிக்கி நீந்துறேன்னு சொன்னா எங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிப் பாரு. சந்தோஷமும் பயமும் ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு கண்ணு.

எதுல சேரலாம்னு நீ மெயில்ல அனுப்புன மூணு போட்டியையும் ஷமீர் பிரவுசிங் சென்டருக்கு என்னக் கூட்டிட்டுப் போயி காமிச்சான். ஒண்ணு கடல்ல நீந்துறது, ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் சேருறது. ரெண்டாவது ஏரியில. மூணாவது ஒங்க வூட்டுக்கிட்ட இருக்குற நீச்சல் குளத்துல, பொம்பளைங்களுக்கு மட்டும், புதுசா வர்றவங்களுக்குன்னே நடத்துறாங்க. போட்டோவ எல்லாம் பாத்துட்டு ஷமீர் கடலுதான் சரி, பயத்த நேருக்கு நேரா நின்னு தொரத்திடணும், தங்கச்சியால முடியும்னு சொன்னான். நீயும் போன்ல அப்படித்தான சொன்ன, கடல்ல ஒரு தடவ எறங்கி ஏறிட்டா எல்லாம் போயிடும்னு தோணுது அத்தான்னு. கடலு போட்டோவுல நூத்துக்கணக்கான பேரு ஒரே நேரத்துல கரையிலேருந்து தண்ணிக்குள்ள ஓடுறாங்க, ஒருத்தரு மேல ஒருத்தரு கை படுது, காலு படுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். வூட்டுக்கு வந்து ஷமீரு உங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லப் பாத்தான். அவ அரிசி பொடைக்கிற மொறத்த கீழ வெச்சிட்டு, கடலுக்கு இந்தக் குடும்பத்துலேருந்து ஒருத்திய குடுத்தது போதும், எந்தப் போட்டியும் வேணாம்னு சொல்லிடுன்னா.

ரெண்டு நாளு கழிச்சிதான் எனக்கு நெய்வேலி ராஜ்மோகன் நெனப்பு வந்துச்சு, மைன்ஸ்ல இருக்காரே, அவரு வூட்டம்மா சிவசங்கரி டவுன்ஷிப் நீச்சல் குளத்துக்குப் போறாங்கன்னு எப்பவோ சொல்லியிருந்தாரு. போன் போட்டுக் கேட்டேன். சாயங்காலம் லேடீஸ் நேரம், அண்ணிய அழைச்சிட்டு வாங்க, கேட்டுல சொல்லி உள்ள கூட்டிட்டுப் போறேன்னு அந்தம்மாவே சொன்னாங்க. உங்கம்மாகிட்ட குளம்னு சொல்லாம கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல, உள்ளதச் சொல்லித்தான் கேட்டேன். நம்ம பொண்ணு எந்த மாதிரி தண்ணியில எறங்குறான்னு நீ ஒரு தடவ பாரு, பாத்துட்டு வேணாம்னா நானே அவகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்னு சொன்னேன். அவ போயி பர்தாவ எடுத்து மாட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா.

லேடீஸ் நேரத்துல ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்க, அதனால நானும் ராஜ்மோகனும் வெளிய டீக்கடை பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். அவரு என்னென்னமோ பேசுனாரு, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல, கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ளேருந்து பொம்பளைப் புள்ளைங்க சிரிக்கிற சத்தம் மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு. போனவ சீக்கிரம் வந்துடுவா, வந்து சண்ட போடுவான்னு நெனச்சேன். வரல. நேரம் முடிஞ்சி எல்லாரும் வெளிய வந்தப்பதான் அவளும் சிவசங்கரி கையப் புடிச்சிக்கிட்டு வந்தா. பர்தாவோட அடி ஓரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சி ஈரம் சொட்டிக்கிட்டு இருந்துது. பஸ்ஸுல டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட்டு தாண்டுனதும் அவளாவே ஆரம்பிச்சா. சிவசங்கரி இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு நீந்துறாங்களாம், மூச்சு வாங்குனா சொவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்களாம், அடி தெரியுதாம், தரையில ஒட்டியிருக்குற டைல்ஸுல கருப்புக் கோடு கூடத் தெரியுதாம், விசில் வெச்சிக்கிட்டு ஒரு பொண்ணு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே நிக்குதாம். படியில உக்காந்து காலு மட்டும் வெச்சிப் பாருங்கன்னு சிவசங்கரி சொன்னதும் இவ வெச்சிருக்கா. அப்புறம் அங்கயே உக்காந்து தங்கச்சிக்காக அல்லாஹ்கிட்ட துஆ செஞ்சாளாம். சொல்லிட்டு ஜன்னலப் பாத்து திரும்பிக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சி, புள்ளைய குளத்துல நடக்குற போட்டியில சேரச் சொல்லுங்கன்னா. எனக்கு பஸ்ஸுலயே கண்ணு கலங்கிடுச்சும்மா, சீட்டு குடுக்க வந்த கண்டக்டரு என்ன பாய், ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டாரு.

அதனால எங்க ரெண்டு பேரு முடிவும் இதுதான், குளத்துப் போட்டியில சேரு. உங்கம்மாவுக்காக மட்டும் இதச் சொல்லல. மொதத் தடவ மூணு வேலய சேத்துச் செய்யப் போற, அதுல கடலோட பழைய கணக்கத் தீக்குறதையும் சேத்து நாலாவதா எதுக்குத் தலையில ஏத்திக்கணும். தெரிஞ்ச தண்ணியா இருந்தா பாதி பயம் கொறஞ்சிடும், சோந்து போனா நின்னுக்கலாம், கூட்டமும் கம்மி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா கொஞ்சம் கொஞ்சமாத்தான் தண்ணியில எறக்கி வுடுறாங்கன்னு ஷமீரு படிச்சிச் சொன்னான். கடைசியா வர்றவங்க முடிக்கிற வரைக்கும் காத்திருக்குறாங்களாம், இன்ன நேரத்துக்குள்ள வந்தே ஆகணும்னு தொரத்தறதில்லையாம், எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிது. முழுக்கை, முழுக்கால், தலையயும் மூடுற நீச்சல் உடுப்பு போட்டுக்கலாமான்னு நீயே முன்கூட்டி எழுதிக் கேட்டுடு, அன்னிக்கி காலையில போயி வாசல்ல நின்னு யாருகிட்டயும் வெளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். சைக்கிள் போற ரோட்டுல மாப்பிள்ளையோட ஒரு தடவ மெதுவா போய்ப் பாத்துட்டு வா, மேடு எங்க, திருப்பம் எங்கன்னு தெரிஞ்சிக்கிட்டா நல்லது. இருக்குற சைக்கிளே போதும், பிரேக்க மட்டும் பாத்துக்க. ஓட்டத்துல முடியலன்னா நடந்துடு, நடக்கக் கூடாதுன்னு அதுல எங்கயும் போடல, நான் ஷமீருகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். வெறும் வயித்தோட போவாத. கூட இருக்குற ஆபீஸ்காரங்க என்ன இது, சின்னப் புள்ளைங்க போட்டியான்னு சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, அவங்களுக்கு ஒன் கதை தெரியாது. ஒரு நாளைக்கி ஒனக்கே தோணி கடல்ல எறங்குறேன்னு சொன்னீன்னா அப்ப நான் குறுக்க நிக்க மாட்டேன், அதையும் இப்பவே எழுதி வெச்சிடுறேன். ஷமீருகிட்டயும் சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான், ஆனா ஜெயிச்சா மெடல போட்டோ எடுத்து அனுப்பணுமாம். ஜெயிக்கலன்னாலும் அனுப்பு.

ஒனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்க சலாமும் துஆவும். அல்லாஹ் ஒன் கைக்கும் காலுக்கும் பெலனக் குடுத்து, மூச்ச சீரா வெச்சி, போன மாதிரியே வூட்டுக்குக் கொண்டு வந்து சேக்கட்டும். உங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் எழுதச் சொன்னா. போட்டி முடிஞ்சப்புறம் பேசுறது இருக்கட்டும், அதுவரைக்கும் அவளால தாங்க முடியாதாம். நீ தண்ணிய வுட்டு வெளிய வந்து சைக்கிளு கிட்ட போறத மாப்பிள்ளை கண்ணால பாத்ததும் நம்ம வூட்டு நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு. இங்க அப்பத்தான் விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு உக்காந்திருப்போம். நாங்க எடுக்க மாட்டோம். மணி அடிச்சா போதும்.

அன்புள்ள அத்தா,
சனாவுல்லா